கேட்கத் தெரிந்தால் கிடைக்கும் மானியம்

கண்டி மாநகரிலிருந்து பேராதனை செல்லும் நெடுஞ்சாலையை அறியாத வாசகர் இரார். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகப் பூங்காவைக் காணச் செல்வோர் எத்தனை பேர்! 1821ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அப்பூங்காவின் மரங்களைக் கண்டு வியந்து மீளும் நாம், அதன் அயலிலுள்ள அலுவலகங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1912ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையிலேதான் உள்ளது. சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென 1972ஆம் ஆண்டில் தோன்றி, இன்று ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் என வழங்கும் நிலையமும் அங்கேயே இருக்கின்றது.

நாட்டின் கமத்தொழிலுக்கு அரசு வழங்கும் உதவியின் ஊற்றுக்கண் இவ்வாறு நம் வாயிலிலேயே அமைந்துள்ளது. ஆயினும், அந்நீர் மலைச்சாரலில் வாழும் ஏழைக் கமக்காரனின் பாத்தி வரை பாய்கின்றதா என்பதே கேள்வி. உதவி உண்டு என்பதை அறியாமலும், அறிந்தபின் கேட்கும் வழி தெரியாமலும் இருப்போர் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதலானோம்.

மானியம் ஏன்?

அரசு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். மிளகுக் கொடி நட்டால் பலன் காண ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். சாதிக்காய்க்கும் கராம்புக்கும் அதனினும் இரு மடங்கு காலம் வேண்டும். பழந்தேயிலையைப் பிடுங்கிப் புதுத்தேயிலை வைப்பதாயின், முதலில் புல் வளர்த்து ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மண்ணைத் தேற்ற வேண்டும். அதுவரை அடுப்பு எரிவது எங்ஙனம்? செல்வர் பொறுத்திருப்பர்; வறியவர் பொறுக்கமாட்டார். அந்த இடைக்காலத்தைத் தாங்கும் ஊன்றுகோலே மானியம்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய ஏற்பாடன்று. றப்பர் மறுநடுகைக்கான மானியச் சட்டம் 1953ஆம் ஆண்டிலும், தேயிலைக்கான சட்டம் 1958ஆம் ஆண்டிலும் வந்தன. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறுதோட்டக்காரர்களுக்கெனத் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபை உருவாயிற்று. கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் பலாவும் கமுகும் தென்னையும் நிழல் தர, அவற்றைப் பற்றிப் படரும் மிளகையும் இடையே நிற்கும் கராம்பையும் காண்கின்றோம். அத்தகைய கலப்புத் தோட்டங்களில் நடுவதற்கான கன்றுகளும் பணவுதவியும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் திட்டங்களில் அடங்கும்.

வழி இதுதான்

முதலில் செல்ல வேண்டிய இடம் கொழும்பன்று; அவரவர் பகுதியிலுள்ள கமநல சேவை நிலையமே. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்கார அமைப்புகளுக்கும் விவசாய நிலப் பதிவேட்டுக்கும் இடமளிக்கின்றது. அவ்வமைப்பில் உறுப்பினராகிப் பதிவேட்டில் பெயர் இடம்பெறச் செய்தவனுக்கே பிற வாயில்கள் எளிதில் திறக்கும். அடுத்து, பகுதியின் விவசாயப் போதனாசிரியரைக் காண்க. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் விவசாயம் மாகாணத்துக்கும் உரியதாயிற்று. ஆதலின் மத்திய அரசின் திட்டம் எது, மத்திய மாகாணத்தின் திட்டம் எது என்று அவரிடம் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும். நேரிற் செல்ல இயலாதோர் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மானியம் கிடைக்கும் என்று கேள்வியுற்றதும் அவசரப்பட்டு நட்டுவிடுதல் கூடாது. அதிகாரி நிலத்தைப் பார்த்து, சரிவுக்கேற்ற கான்களும் கல்லணைகளும் உள்ளனவா என ஆராய்ந்து, ஒப்புதல் அளித்த பின்னரே நடவேண்டும் என்பது பொதுவான விதி. பணமும் ஒரே தடவையில் வாராது. வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாகவே வரும். சில திட்டங்களிலே செலவின் ஒரு பங்கைக் கமக்காரனும் ஏற்க வேண்டும். ஆகவே, நாட்கூலி, கன்று, உரம் ஆகியவற்றின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வைத்தல் நன்று.

விண்ணப்பத்தைத் தமிழிலே எழுதலாமா என்று தயங்குவோர் உளர். தாராளமாக எழுதலாம். தமிழில் அரசுடன் தொடர்பு கொள்ளவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் உள்ள உரிமையை 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் உறுதி செய்துள்ளது. விண்ணப்பம் என்னவாயிற்று என்று தெரியாதபோது, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவ்வலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் வினவலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும்.

நிலமில்லாதவன் கதி

இனி, நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. விண்ணப்பத்தின் முதற் கேள்விகளுள் ஒன்று, "நிலம் யாருக்குச் சொந்தம்?" என்பதே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு இம்மலைகளில் உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பாலான, அக்கேள்விக்கு எழுத இன்னும் விடையற்று நிற்கின்றன. தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் லயத்தின் பின்புறம் கரட்டும் கோவாவும் விளைவிக்கும் அன்னைக்கு மண்ணின் குணம் தெரியும். உறுதிப்பத்திரம் மட்டும் இல்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின் வீடமைப்புக்கென ஏழு பேர்ச் காணி வழங்கும் திட்டம் வந்தது. ஓர் ஏக்கர் என்பது நூற்றறுபது பேர்ச்; அவ்வாறாயின் ஏழு பேர்ச்சில் வீடு போக எஞ்சுவது எவ்வளவு என்பதைச் சிறுவரும் கணக்கிடுவர்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலே தெலுங்கானா மாநிலம் 2018ஆம் ஆண்டில் ஏக்கர் கணக்கில் உதவி வழங்கத் தொடங்கியபோது, நிலச் சொந்தக்காரர் பெற்றனர், குத்தகைக்காரர் பெற்றிலர். அதையடுத்து ஒடிசா மாநிலம் வகுத்த 'காலியா' திட்டமோ வேறு வழி கண்டது. நிலமற்ற குடும்பங்களும் ஆடு, கோழி, தேனீ, காளான் முதலியவற்றை வளர்க்க 12,500 ரூபா பெறலாம் என அது விதித்தது. நிலத்தை அளந்து உதவுவதோடு நில்லாமல், உழைப்பையும் நோக்கி உதவ இயலும் என்பதற்கு இஃதொரு சான்று. மலையகத்தின் பிரதிநிதிகள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

மானியமே எல்லாம் என்று எண்ணிவிடவும் கூடாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கியதற்கிடையே கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறந்திலோம். அரசின் கொள்கை ஒரு பருவத்தில் மாறலாம். மரமோ இருபது ஆண்டுகள் நிற்க வேண்டியது. ஊன்றுகோலைக் கொண்டு நடக்கலாம். அதனையே காலாக எண்ணலாகாது.

மாணவச் செல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார்க்கு மண்ணைப் படிக்கத் தெரியும். படிவத்தைப் படிக்க உங்களுக்குத் தெரியும். அடுத்த விடுமுறையில் அவரோடு கமநல சேவை நிலையத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கேள்விகளை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதைப் பிழையின்றி எழுதி, பிரதி ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வீட்டு வாயிலில் மிளகுக் கொடி தழைத்துப் படரும் நாளில், அதில் உங்கள் கையெழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு அன்றோ!