நினைவை எண்ணி அடுக்குதல்

உருவக் கவிதை என்றதும் 1918ல் வந்த அப்போலினேரின் தொகுப்பைத்தான் பலரும் சொல்றாங்க. அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் சித்திரகவி உண்டு. சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய ஏழுகூற்றிருக்கையில் எண்ணுப்பெயர்கள் 1, 2, 1. பிறகு 1, 2, 3, 2, 1 என்று ஏழுவரை ஏறி இறங்கும். கட்டம் போட்டு எழுதினால் தேர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்லித்தருகிறேன். எண்ணுப்பெயர் வேண்டாம், வரிக்கு இத்தனை சொல் என்பதே கணக்கு. முதலில் படம் வரையவிட மாட்டேன்; வரைந்தால் கோட்டுக்குள் சொல்லைத் திணிப்பார்கள், நினைவு நழுவிடும். 'என்ன நடந்துச்சு, வாயால சொல்லு' என்பேன். பிறகுதான் சொல் எண்ணுவது. ஒரு சிறுமி எழுதியது:

அப்பா
நைட் ஷிப்ட்
பாயில் பாதி இடம்
விடிஞ்சா சைக்கிள்மணி
அப்பா

அகலமான வரியில் ஆள் இல்லை, கவனிச்சீங்களா? உருவம் செய்த வேலை அது. 'சைக்கிள்மணி' ஒரு சொல்லா, ரெண்டா என்று வகுப்பே சண்டை போட்டது. எனக்குப் பிடித்த இலக்கண வகுப்பு அதுதான். ஒன்று என்றே முடிவாச்சு. இல்லேன்னா வரி கோணிடும்.