ஒரு எழுத்து கூடினால் பயணம் 'கட்'! பிரான்சு போகும் காரைக்கால்காரர்கள் படும் பாடு

காரைக்கால்,
முருகன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத 7 எழுத்து போதும். அதையே பிரெஞ்சுப் பாணியில் எழுதினால் 10 எழுத்து!

கூடுதலாக வரும் இந்த 3 எழுத்துதான் பலருடைய வெளிநாட்டுப் பயணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

அப்பாவின் பழைய பிறப்பு சர்டிபிகேட்டில் 'எம்.ஓ.யு.' என்று தொடங்கும் பெயர், மகனின் பள்ளிக்கூட டி.சி.யில் 'எம்.யு.' ஆகிவிடும். டி.சி.யைப் பார்த்து பாஸ்போர்ட் வாங்கியிருப்பார்கள். விசாவுக்கு இரண்டையும் சேர்த்து நீட்டும்போதுதான் வம்பு. "இவரும் அவரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். "ஒரு எழுத்துதானே சார்" என்று கெஞ்சிப் பயன் இல்லை.

வெள்ளைக்காரன் விட்டுப்போன எழுத்து

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் பதிவாயின.

சட்டப்படியான இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்டு 16-ல். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்ற குடும்பங்கள் இப்படி வந்தவைதான். இருவர் பிள்ளைகளுக்கும் தாத்தா ஒருவரே. ஆனால் காகிதத்தில் தாத்தாவுக்கு இரண்டு பெயர்!

புதுப்பெண் தவிப்பு

அதிகம் தவிப்பது பிரான்சு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிய பெண்கள். லீவு முடிந்ததும் மாப்பிள்ளை பாரீசுக்குப் பறந்துவிடுவார். கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறாமல் பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் விசா கிடையாது.

அதற்கு சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு தூதரக அலுவலகத்துக்குப் போகவேண்டும். பிறப்பு சர்டிபிகேட் நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ வாங்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் அதைப் பிரெஞ்சில் பெயர்க்கவேண்டும். மூலத்தில் தப்பு இருந்தால் அவரும் தப்பைத்தான் பெயர்ப்பார். திருத்துவது அவர் வேலை அல்ல.

வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவேடு பிரான்சில் நாந்த் நகரில் இருக்கிறது. அங்கே உள்ள எழுத்தை மாற்றுவது லேசு இல்லை. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் தாத்தா, அப்பா சர்டிபிகேட்டுகளை மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்க்கிறார்கள். டிக்கெட் எல்லாம் அப்புறம்தான்!

சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கும் காகிதம் உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்சு காட்டவேண்டும். அதிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே இருக்கவேண்டும்.

ஊசி அட்டையிலும் பெயர்

பிரான்சு என்றால் பாரீசு மட்டும் இல்லை. தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவும் பிரான்சுதான். அங்கே போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே கதை.

இந்த ஊசியைக் கண்ட இடத்தில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடவேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். நாளைக்கு விமானம், இன்றைக்கு ஊசி என்றால் அம்போ!

முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டார்கள். 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

அட்டை இல்லாமல் போய்த் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். 6 நாள் வரை தனியாக அடைத்து வைக்க விதி இருக்கிறது. ஊர்க்காரர் என்றெல்லாம் சலுகை கிடையாது.

அட்டை எழுதுகிறவர் பெயரைக் காதால் கேட்டு எழுதினால், பழைய 'எம்.ஓ.யு.' வம்பு அங்கேயும் தலைகாட்டும். பாஸ்போர்ட்டை அவர் கண்முன் நீட்டி, எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேண்டும்.