நாய்க்கும் படகில் இடம் உண்டு!

ஊரெங்கும் வெள்ளம். வீட்டு வாசலுக்கு ஒரு சிறிய படகு வருகிறது.

"சீக்கிரம் ஏறுங்கள்!" என்கிறார்கள், காப்பாற்ற வந்தவர்கள்.

பாட்டி ஏறுகிறாள். குழந்தை ஏறுகிறது. வீட்டு நாயும் வாலை ஆட்டிக்கொண்டு படகின் அருகே வருகிறது.

"நாய் கூடாது!" என்கிறார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாயில்லா ஜீவனைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவாரா? "என் நாய் வராவிட்டால் நானும் வரவில்லை" என்பாரா?

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் பல குடும்பங்களுக்கு வந்த சோதனை. அந்தச் சோதனையால் ஒரு சட்டமே பிறந்தது!

கத்ரினா புயல்

அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றின் கரையில் இருக்கும் பெரிய துறைமுகம். அந்த நகரத்தின் பல பகுதிகள் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானவை. தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கரை கட்டி வைத்திருக்கிறார்கள்.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி "கத்ரினா" என்ற பெரும் புயல் அடித்தது. கரைகள் உடைந்தன. நகரத்தில் 100-க்கு 80 பங்கு தண்ணீரில் மூழ்கியது.

ஜனங்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி நின்றார்கள். அவர்களைக் காப்பாற்றப் படகுகள் வந்தன. மீன்பிடிக்கிற படகு, தகரப் படகு, காற்றடைத்த ரப்பர் படகு என்று பலவகைப் படகுகள்.

பல இடங்களில் மனிதர்களை மட்டுமே ஏற்றினார்கள். நாயையும் பூனையையும் ஏற்ற மறுத்தார்கள். படகோ சிறியது, காத்திருக்கும் மனிதர்களோ ஏராளம். படகில் ஏற்றினாலும், ஜனங்கள் தங்கும் முகாம்களில் மிருகங்களுக்கு இடம் இல்லை.

சிறுவனின் கண்ணீர்

ஊரைவிட்டு வெளியேற ஒரு சிறுவன் பஸ்சில் ஏறப் போனான். அவன் கையில் சிறிய வெள்ளை நாய் இருந்தது. நாயை ஏற்றக்கூடாது என்று சொல்லி, அதை அவனிடம் இருந்து வாங்கிவிட்டார்கள்.

"ஸ்னோபால்! ஸ்னோபால்!" என்று சிறுவன் கதறினான். அழுது அழுது வாந்தி எடுத்தான்.

இந்தச் செய்தி அமெரிக்கா முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. படித்தவர்கள் கண் கலங்கினார்கள்.

இன்னொரு உண்மையும் பிறகு வெளியே வந்தது. புயலுக்கு முன் வெளியேறாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களை 2006-ம் ஆண்டில் விசாரித்தார்கள். "நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மனம் இல்லை. அதுவும் ஒரு காரணம்" என்று 100-க்கு 44 பேர் சொன்னார்கள்.

அப்படியானால் என்ன அர்த்தம்? நாயை ஏற்ற மறுத்தால் நாய்க்கு மட்டும் ஆபத்து அல்ல. அதை வளர்க்கிற மனிதனுக்கும் ஆபத்து!

புதுச் சட்டம்

அமெரிக்கப் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது. 2006-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு சட்டம் வந்தது.

புயல், வெள்ளம் வந்தால் ஜனங்களை எப்படி வெளியேற்றுவது என்று ஒவ்வொரு ஊரும் திட்டம் போட்டு வைத்திருக்கும் அல்லவா? அந்தத் திட்டத்தில் வீட்டு மிருகங்களுக்கும் வழி சொல்ல வேண்டும். இதுதான் சட்டம்.

பலன் கிடைத்தது. 2017-ம் ஆண்டு "ஹார்வி" புயலால் ஹூஸ்டன் நகரம் மூழ்கியபோது, எஜமானரும் நாயும் ஒரே படகில் வந்து இறங்கிய காட்சிகள் பத்திரிகைகளில் நிறைய வந்தன.

படகில் இடம் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் படகில் எப்படி இருப்பது என்று நாய்க்குத் தெரிய வேண்டுமே! மிரண்டு குதித்தால் சிறிய படகு கவிழ்ந்துவிடாதா?

இதற்கு வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உல்லாசப் பாய்மரக் கப்பலில் நாயோடு பயணம் செய்கிறவர்கள்.

கப்பலுக்கு ஒரு சைக்கிள்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிறிய பாய்மரக் கப்பலில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. கப்பலைக் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். கரைக்குப் போய்வர ஒரு காற்றுப் படகு வைத்திருப்பார்கள். நமக்குக் கடைத்தெருவுக்குப் போகச் சைக்கிள் எப்படியோ, அவர்களுக்கு அந்தப் படகு அப்படி.

நாய் வளர்ப்பவருக்கு இந்தப் படகு இல்லாமல் நடக்காது. ஏன்? காலையிலும் மாலையிலும் நாய் கரைக்குப் போக வேண்டும். மழையானாலும், குளிரானாலும், எஜமானர் படகை எடுத்தே ஆக வேண்டும்!

காற்றுப் படகு என்றால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல படகு, ரப்பர் போன்ற பொருள் பூசிய கெட்டித் துணியால் ஆனது. உள்ளே காற்று அறைகள் தனித்தனியாக இருக்கும். ஓர் அறை ஓட்டையானாலும் மற்ற அறைகள் படகை மிதக்கவைக்கும்.

அலன் பொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர், 1952-ம் ஆண்டில் 15 அடி நீளமுள்ள காற்றுப் படகில் பாய் கட்டி, அட்லாண்டிக் கடலையே தன்னந்தனியாகக் கடந்தார். 65 நாள் பயணம்!

முதலில் தரையில்!

நாயை எடுத்த எடுப்பில் தண்ணீருக்குக் கொண்டுபோகக் கூடாது. படகுக்குக் காற்றடித்து, வீட்டு முற்றத்தில் போட வேண்டும். நாய் அதை முகர்ந்து பார்க்கட்டும். படகுக்குள் ஒரு தின்பண்டத்தைப் போட்டால் தானே ஏறும். சில நாள் படகுக்குள்ளேயே சாப்பாடு வைக்கலாம். "இது நல்ல இடம்" என்று அதன் மனதில் பதிந்துவிடும்.

அடுத்து, எஞ்சின் சத்தத்துக்குப் பழக்க வேண்டும். பிறகு, முழங்கால் அளவு தண்ணீரில் படகை மிதக்கவிட்டு நாயை ஏற்ற வேண்டும். முதல் பயணம் 5 நிமிஷம் போதும்.

நாய்க்கு இரண்டு சொற்கள் தெரிய வேண்டும். ஒன்று "இரு". மற்றொன்று "வா".

"இரு" என்ற சொல் ஏன் முக்கியம்? கரை கண்ணுக்குத் தெரிந்ததும் நாய்க்குப் பொறுமை இருக்காது. ஒரே தாவு தாவும். அது தாவிய வேகத்தில் படகு பின்னால் போகும். இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கி நின்ற எஜமானர் தண்ணீரில் விழுவார்! பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. விழுந்தவருக்கு அடி.

வழுக்கல் கூடாது

நனைந்த ரப்பர் வழுக்கும். கால் வழுக்கினால் நாய் மிரளும். மிரண்டால் நகத்தால் பிறாண்டும். ஆகவே, படகின் அடியில் ஒரு மிதியடி விரிக்க வேண்டும். அதன்மேல் நாயை உட்காரவைக்க வேண்டும்.

நல்ல படகு நாயின் நகத்துக்குச் சுலபமாகக் கிழியாது. குளத்தில் விளையாடுகிற மெல்லிய பிளாஸ்டிக் படகு கிழிந்துவிடும். எதற்கும் நகத்தை வெட்டிவிடுவது நல்லது.

நாய் படகின் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஏறி நின்றால், ஒரு சிறிய அலை போதும், தண்ணீருக்குள் போய்விடும்.

வெயில் நேரத்தில் கறுப்பு ரப்பர் கொதிக்கும். நாயின் பாதம் வெந்துவிடும். ஏற்றும் முன் தண்ணீர் ஊற்றித் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டாதீர்கள்!

"நாய் குதித்துவிடுமே, படகோடு சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன?" என்று தோன்றும்.

கட்டவே கூடாது! படகு கவிழ்ந்தால், கட்டப்பட்ட நாய் அதன் அடியில் சிக்கி மூச்சு முட்டிச் செத்துவிடும். கயிற்றைக் கையில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆபத்து வந்தால் உடனே விட்டுவிட வேண்டும்.

மனிதர் போடுகிற மிதவைச் சட்டை போலவே நாய்க்கும் சட்டை உண்டு. அதன் முதுகில் பெட்டிக்கு இருப்பது போல ஒரு கைப்பிடி இருக்கும். நாய் தண்ணீரில் விழுந்தால், அந்தப் பிடியைப் பிடித்துத் தூக்கலாம்.

"நாய்க்குத்தான் நீந்தத் தெரியுமே! சட்டை எதற்கு?" என்று கேட்கலாம். எல்லா நாயும் நன்றாக நீந்தாது. புல்டாக் நாய்க்குத் தலை கனம், கால் குட்டை. அது சீக்கிரம் மூழ்கிவிடும். நன்றாக நீந்துகிற நாயும், குளிர்ந்த தண்ணீரில் சோர்ந்துபோகும்.

நாய் விழுந்துவிட்டால் முதல் வேலை என்ன? எஞ்சினை நிறுத்துவது! எஞ்சினின் சுழலும் இறக்கை கத்தி போன்றது. அது நின்ற பிறகுதான் நாயை அருகில் இழுக்க வேண்டும்.

குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுபோவதும் அவசியம். தாகத்தில் நாய் கடல் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் வாந்தியும் பேதியும் வரும். அதிகம் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

பின்னால் குதிக்காதீர்கள்!

பிரிட்டனில் கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் இருக்கிறது. 1824-ம் ஆண்டில் தொடங்கியது. 1963-ம் ஆண்டு முதல் காற்றுப் படகுகளையும் வைத்திருக்கிறது.

நாய் கடலில் சிக்கிக்கொண்டது என்று தெரிந்தாலும் இந்தச் சங்கத்தார் படகை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

"ஒரு நாய்க்காகவா?" என்று கேட்காதீர்கள். படகு போகாவிட்டால், நாயின் எஜமானர் தண்ணீரில் குதித்துவிடுவார். நாய் எப்படியோ நீந்திக் கரை சேர்ந்துவிடும். குதித்தவர் திரும்பமாட்டார். அப்படிப் பறிபோன உயிர்கள் உண்டு.

ஆகவே அவர்கள் சொல்லும் புத்திமதி இதுதான்: "நாய் தண்ணீரில் சிக்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். அது சுலபமாகக் கரையேறக்கூடிய இடத்துக்குப் போய் நின்று கூப்பிடுங்கள். உதவிக்கு ஆள் அனுப்புங்கள்."

கைம்மாறு

படகில் ஏறிய நாய், சும்மா பயணம் செய்கிற நாய் மட்டும் அல்ல. உயிர் காக்கும் நாயும் உண்டு.

இத்தாலியில் 1989-ம் ஆண்டில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே மாணவர்கள் நாய்கள்! படகில் இருந்தும், ஹெலிகாப்டரில் இருந்தும் தண்ணீரில் குதிக்கவும், தத்தளிப்பவரைக் கரைக்கு இழுத்து வரவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஸ்பெர்லோங்கா என்ற கடற்கரையில் சில குடும்பங்கள் காற்றடைத்த மிதவைகளில் விளையாடிக்கொண்டு இருந்தன. திடீரென்று பலத்த காற்று. மிதவைகள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. கரையில் காவல் இருந்த 3 லாப்ரடார் நாய்கள், தங்கள் எஜமானர்களோடு கடலில் பாய்ந்தன. 14 பேர் கரை சேர்ந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள்!

நமக்கும் பாடம்

நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தை மறக்க முடியுமா? அடையாறு கரை புரண்டது. சென்னைத் தெருக்களில் ரப்பர் படகுகள் ஓடின. அந்த வெள்ளத்தில் வாயில்லா ஜீவன்களும் தவித்தன. 1959-ம் ஆண்டில் சென்னையில் பிறந்த "புளூ கிராஸ்" சங்கத்தார் மிருகங்களை மீட்கப் பாடுபட்டார்கள்.

நம் வீட்டில் படகு இல்லை. ஆனால் நாயைத் தயார் செய்து வைக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம்.

"இரு", "வா" என்ற இரண்டு சொற்களைப் பழக்குங்கள். மற்றவர் தூக்கினாலும் சீறாமல் இருக்கப் பழக்குங்கள். பயந்த நாய், சோறு போட்ட கையையே கடிக்கும். கழுத்துப் பட்டையும் கயிறும் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சிறிய நாயானால் மூடியுள்ள கூடை ஒன்று போதும். தடுப்பு ஊசி போட்ட சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

மழைக்காலம் வந்தால், காத்திருக்காமல் முன்கூட்டியே நாயோடு மேட்டுப் பகுதிக்குப் போய்விடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும் என்பார்கள். படகு வரும் முன் நாயைப் பழக்க வேண்டும். பழகிய நாய் படகில் ஒரு முழ இடத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளும். "நாய் கூடாது" என்று சொல்ல வந்தவரும், "சரி, அதையும் ஏற்றுங்கள்" என்பார்!