பாடத்தையே சோதிக்கும் பாடம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் வடிவமைப்பை முதுகலையில் பயில்வோரிடம் தேர்வுத்தாளைவிட, தாமே உருவாக்கிய ஒரு பாடமே பெரிதும் எதிர்பார்க்கப்படுகிறது. வால்டர் டிக், லூ கேரி இருவரும் 1978இல் வெளியிட்ட நூல் இதற்குப் பரவலான வழிகாட்டி.

“மாணவர் இலக்கணம் அறிவார்” என்னும் நோக்கம் அங்கே செல்லாது. நூலைப் பாராமல் 10 வாக்கியங்களில் எட்டிலேனும் எழுவாயைச் சுட்டுவார் என்பதுபோல் செயலும் சூழலும் அளவும் துலங்க வேண்டும். பின்னர் அப்பாடத்தைத் தனியொருவரிடமும், சிறு குழுவிடமும், இறுதியாக மெய்யான வகுப்பிலும் நடத்திப் பார்த்துத் திருத்த வேண்டும். (ஒரே பருவத்திற்குள் மூன்றாவதற்கு நேரம் வாய்ப்பது அரிது.) கற்போர் தடுமாறிய இடங்களை அறிக்கையில் மறைத்தல் கூடாது, பிழையை முதலில் பாடத்தில்தான் தேட வேண்டும்.

நஹ்வு விளங்காத மாணவரைக் கடிந்தே பழகிய என் போன்றோர்க்கு இது எளிய ஒப்படைப்பன்று.