"செத்த" பலகை உயிர் பெறுகிறது!

6 ஊசிகள் செய்யும் வேலை

உள்ளங்கை அளவே உள்ள ஒரு பலகை. அதன் பெயர் "ஆர்டுயினோ ஊனோ". அதை வைத்து மாணவர்கள் விளக்கு எரிய விடுகிறார்கள்; சிறு மோட்டாரைச் சுழல வைக்கிறார்கள்.

இத்தாலி நாட்டில் இவ்ரியா என்னும் ஊரில் 2005-ம் ஆண்டு பிறந்தது ஆர்டுயினோ. "ஊனோ" பலகை 2010-ல் வந்தது. இத்தாலிய மொழியில் ஊனோ என்றால் "ஒன்று" என்று பொருள்.

பலகையின் மூளை, 28 கால்கள் கொண்ட ஒரு சில்லு. கம்ப்யூட்டரில் எழுதும் கட்டளைகள் கம்பி வழியாக வந்து இந்தச் சில்லில் பதிகின்றன.

சில்லு கெட்டுவிட்டால்? கடையில் புதுச் சில்லு வாங்கிப் பொருத்துகிறார்கள். கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது. பலகை பதில் சொல்லவில்லை!

"கொடுத்த காசு வீண்" என்று அதைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது!

வாசல் காவலாளி

சில்லில் 32,768 எழுத்துகளுக்கு இடம் உண்டு. அதில் கடைசி 512 இடங்களில் ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு குடியிருக்கிறது. அதற்கு "பூட்லோடர்" என்று பெயர்.

கம்ப்யூட்டர் தட்டி எழுப்பியதும் முதலில் விழிப்பது இதுதான். புதுக் கட்டளை வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருக்கும். வந்தால் வாங்கிப் பதிக்கும். வராவிட்டால் பழைய வேலையைத் தொடங்கிவைக்கும்.

வெறும் சில்லாக வாங்கினால் இந்தக் காவலாளி அதில் இருக்கமாட்டான். கதவைத் தட்டினால் திறப்பது யார்?

இன்னொரு வழி

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் 6 ஊசிகள் நிற்கின்றன அல்லவா? அவை நேரே சில்லுக்குள் செல்லும் வழி. இந்த வழிக்குக் காவலாளி தேவை இல்லை. ஏனென்றால், இது சில்லின் உடம்போடு பிறந்தது.

நல்ல நிலையில் உள்ள மற்றொரு ஊனோ பலகையே இங்கு வைத்தியர். முதலில் அதற்கு வைத்தியம் செய்யும் கட்டளையைப் பதிக்கவேண்டும். பிறகு 6 கம்பிகளால் இரண்டையும் இணைக்கவேண்டும். 4 கம்பிகள் பேச்சுக்கும் அடக்குவதற்கும். மற்ற இரண்டும் மின்சாரத்துக்கு.

வைத்தியர் முதலில் ஒரு கம்பியால் சில்லை அடக்கி நிறுத்துகிறார். பிறகு, "நீ யார்?" என்று கேட்கிறார். "30, 149, 15" என்று மூன்று எண்களில் பதில் வருகிறது. அதுதான் அந்தச் சில்லின் அடையாளம். உடனே பூட்லோடர் உள்ளே பதிகிறது.

எச்சரிக்கை! மின்சாரக் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் சில்லு உண்மையாகவே கெட்டுப்போகும்.

வேலை முடிந்தது. பலகையில் விளக்கு மினுக்குகிறது. கம்ப்யூட்டர் கூப்பிட்டதும் பதில் வருகிறது!

பதில் சொல்லாத பலகை எல்லாம் செத்த பலகை அல்ல. எறிவதற்கு முன் அந்த 6 ஊசிகளைப் பாருங்கள்!