நிமிடத்துக்கு 2,000 டின்: அந்த மெஷின் பக்கத்தில் நம் பிள்ளைகளும் நிற்க வேண்டும்

பெட்டிக்கடை ஐஸ் பெட்டியில் குளிர்பான டின்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்போம். குடித்தவர்கள் வீசிவிட்டுப் போன டின்னைப் பொறுக்கி, காலால் மிதித்துச் சப்பையாக்கி, காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருப்போம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம், அலுமினியத்துக்குக் காசு அதிகம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டின்னின் கடைசிப் பயணம் நமக்கு நன்றாகத் தெரியும். அதன் முதல் பயணம்தான் தெரியாது.

மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காலி டின் ஒன்றைக் கொண்டுவந்து கேட்டான்: "அண்ணா, இது ஸ்டிக்கர் இல்ல. நகத்தால சுரண்டினாலும் வரல. உருண்டையா இருக்கிற டின்னு மேல எப்படிண்ணா பிரிண்ட் போட்டாங்க?"

நல்ல கேள்வி. இதற்கான பதிலைத் தெரிந்துகொள்வது பரீட்சைக்கு உதவுமோ இல்லையோ, பிழைப்புக்கு உதவும். எப்படி என்று பார்ப்போம்.

தகரத்துக்காகப் பிறந்த ஆஃப்செட்

டின்னில் அச்சிட இரண்டு வழிகள் உண்டு. பிஸ்கட் டப்பா, பெயின்ட் டப்பா போன்றவற்றின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரு மூட்டு இருக்கும். தகரம் தட்டையான தாளாக இருக்கும்போதே படத்தை அச்சிட்டு, பிறகு வெட்டி, வளைத்து, ஓரங்களை இணைத்துவிடுகிறார்கள். இது பழைய வழி.

இந்த வழிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தில் படங்களைக் கல்லில் வரைந்து, மை தடவி, தாளை அழுத்தி அச்செடுத்தார்கள். கல்லும் கடினம், தகரமும் கடினம். இரண்டையும் நேராக அழுத்தினால் மை சரியாக ஏறாது. 1875இல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் பார்க்ளே இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். கல்லுக்கும் தகரத்துக்கும் நடுவில் அட்டை சுற்றிய ஓர் உருளையை வைத்தார். படம் முதலில் உருளைக்கு வரும், அங்கிருந்து தகரத்துக்குப் போகும். பின்னாளில் அட்டையின் இடத்துக்கு ரப்பர் வந்தது. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் போன்ற ஆங்கிலேய பிஸ்கட் கம்பெனிகளின் அலங்கார டப்பாக்கள் இப்படித்தான் உலகம் முழுக்கப் போயின.

இந்த முறைக்குத்தான் ஆஃப்செட் என்று பெயர். காகிதத்துக்கு இது வந்தது பிறகுதான். 1904ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் காகிதத்தில் அச்சிடும் ஆஃப்செட் மெஷினைச் செய்தார். இன்று சிவகாசி காலண்டரும், உங்கள் கையிலிருக்கும் நாளிதழும் ஆஃப்செட்டில்தான் அச்சாகின்றன. அதன் மூத்த பிள்ளை தகரம்.

ராட்டினத்தில் ஏறும் டின்கள்

குளிர்பான டின் வேறு வகை. அதில் மூட்டே கிடையாது. அலுமினியத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு துண்டை முதலில் கிண்ணம்போல அழுத்துகிறார்கள். பிறகு அந்தக் கிண்ணத்தை வளையங்களுக்குள் செலுத்தி இழுத்து, நீளமான குவளை ஆக்குகிறார்கள். அடியும் உடம்பும் ஒரே துண்டு. சுவரின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். தட்டையான நிலையில் படம் போட்டிருந்தால் இழுக்கும்போது சிதைந்துபோகும். ஆகவே உருண்டையான பிறகுதான் அச்சிட முடியும்.

அதற்கென்றே இருக்கும் மெஷினை ஆலைகளில் டெக்கரேட்டர் என்பார்கள். அதில் இரண்டு பெரிய சக்கரங்கள் முக்கியம்.

முதல் சக்கரத்தைத் திருவிழா ராட்டினம்போல நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டினத்தில் தொட்டில்கள் இருக்கிற இடத்தில், இதில் உருளையான தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் பெயர் மாண்ட்ரல். பல மெஷின்களில் 24 மாண்ட்ரல்கள் இருக்கும். கழுவிக் காய்ந்த டின்கள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் ஒரு மாண்ட்ரலில் தொப்பி மாட்டியதுபோல் ஏறும். மாண்ட்ரலின் நடுவில் காற்றை உறிஞ்சும் துளை உண்டு. அந்த உறிஞ்சுதல் டின்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அச்சு முடிந்ததும் அதே வழியாகக் காற்றை ஊதினால் டின் கழன்றுவிடும். காகிதம்போல் மெலிந்த டின்னை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதும் மாண்ட்ரல்தான்.

இரண்டாவது சக்கரம் இன்னும் பெரியது. அதன் விளிம்பில் ரப்பர் துண்டுகள் ஒட்டியிருக்கும். அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய அதே பிளாங்கெட். இந்தச் சக்கரத்தைச் சுற்றி மை நிலையங்கள் நிற்கும், ஒரு நிறத்துக்கு ஒன்று. ஆறு நிறம், எட்டு நிறம் என்று மெஷினுக்கு ஏற்ப மாறும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பிளேட் உண்டு. ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து மேடாக இருப்பதுபோல இந்த பிளேட்டிலும் அச்சாக வேண்டிய பகுதி மட்டும் மேடாக இருக்கும். மேட்டில் மட்டும் மை ஒட்டும். காகித ஆஃப்செட்டில் மையோடு தண்ணீரும் வேண்டும். இங்கே தண்ணீர் தேவையில்லை. அதனால் இதற்கு உலர் ஆஃப்செட் என்று பெயர்.

பிளாங்கெட் சுற்றிவரும்போது ஒரு நிலையத்தில் சிவப்பை வாங்கும், அடுத்ததில் நீலத்தை, அதற்கடுத்ததில் கறுப்பை. எல்லா நிறமும் ஏறியதும் ரப்பரின் மேல் முழுப்படமும் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். அப்போது மாண்ட்ரலில் இருக்கும் டின் அதன்மேல் ஒரே ஒரு சுற்று உருளும். படம் மொத்தமும் டின்னுக்கு வந்துவிடும். நாம் கடையில் பார்க்கும் டின்னின் விட்டம் சுமார் 66 மில்லிமீட்டர். அதைச் சுற்றி அளந்தால் 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். மாணவர்கள் நூலைச் சுற்றி அளந்து, 3.14ஆல் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டின் அசையாமல் போய் ஓடுகிற ரப்பரைத் தொட்டால் படம் இழுபட்டுவிடும். அதனால் தொடுவதற்கு முன்பே டின்னை ரப்பரின் வேகத்துக்கு ஏற்பச் சுழல விட்டுவிடுகிறார்கள். அச்சான கையோடு மேலே வார்னிஷ் பூச்சு. பிறகு டின்கள் நீண்ட சங்கிலியில் உள்ள கம்பிகளில் தொங்கியபடி சூளைக்குள் போகும். வெளிப்புறம் ஈரமாக இருப்பதால் எதிலும் படக்கூடாது, அதனால் உட்புறத்தைத் தொட்டுத் தாங்கும் கம்பி. சுமார் 200 டிகிரி சூட்டில் சில நொடிகளில் மை இறுகிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராததன் காரணம் இதுதான்.

டின்னின் கழுத்தைக் குறுக்குவது இதற்கெல்லாம் பிறகுதான். கழுத்துப் பகுதியில் வரும் படம் அப்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே அகலப்படுத்தி வரைகிறார்கள்.

நிறத்துக்கு நிறம் மயிரிழை இடைவெளி

இந்த முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லா மையும் ஈரமாகவே ஒரே பிளாங்கெட்டில் ஏறுகின்றன. மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் இரண்டும் குழம்பிவிடும். அந்தக் குழம்பல் அடுத்தடுத்த பிளேட்டுகளையும் அழுக்காக்கும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுவார்கள். டின்னைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கோடு சில இடங்களில் தெரியும். நிழலும் வெளிச்சமும் வேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

அந்த இடைவெளி விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆபரேட்டரின் முதல் வேலை. அச்சகத்தில் இதை ரிஜிஸ்டர் பார்ப்பது என்பார்கள். ஒரு பிளேட் கொஞ்சம் நகர்ந்தால்கூட எழுத்தின் ஓரத்தில் இன்னொரு நிறம் எட்டிப்பார்க்கும். வேகமான மெஷின்கள் நிமிடத்துக்கு 2,000 டின்களும் அதற்கு மேலும் அச்சிடுகின்றன. அதாவது நொடிக்கு 33. ஒரு நிமிடம் கவனம் தவறினால் 2,000 டின்கள் குப்பை.

இரண்டாவது வேலை, காலி மாண்ட்ரலைக் கவனிப்பது. டின் ஏறாத மாண்ட்ரலில் பிளாங்கெட் பட்டால் மை மாண்ட்ரலில் ஒட்டும். அடுத்து வரும் டின்னின் உள்ளே அந்த மை போய்விடும். அது குடிக்கும் பானம் நிற்கும் இடம். இதைத் தடுக்க சென்சார் உண்டு. டின் இல்லை என்று தெரிந்தால் மாண்ட்ரல் ரப்பரைத் தொடாமல் விலகிக்கொள்ளும். அந்த சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மனிதர் வேண்டும். நிறத்தின் அடர்த்தி, பிளாங்கெட்டின் தேய்மானம், வார்னிஷின் அளவு என்று கவனிக்க இன்னும் நிறைய இருக்கின்றன. இப்போது கேமரா வைத்துச் சோதிக்கும் வசதிகளும் வந்துவிட்டன. ஆட்கள் குறைகிறார்கள். இருக்கிற ஆட்களுக்குத் தேவைப்படும் படிப்பும் பயிற்சியும் கூடுகின்றன.

1942இல் அம்பேத்கர் கேட்டது

தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பாக்கிங்கிலும் லோடிங்கிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் ஒப்பந்தக் கூலிகளாகவே நின்றுவிடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் மெஷின் ஓடுகிறது. அதன் பட்டனைத் தொடும் கை வேறு யாருடையதாகவோ இருக்கிறது. இது புதிய சிக்கலும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். சட்டசபைப் பிரதிநிதித்துவம், அரசு வேலை, உயர்கல்வி ஆகியவற்றோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் அதில் கேட்டார். எங்கே பயிற்சி தரலாம் என்று இடத்தையும் சுட்டினார்: ஒன்று, அரசு அச்சகங்கள். இன்னொன்று, ரயில்வே பணிமனைகள். பட்டியல் சாதிப் பிள்ளைகளை அச்சுத் தொழிலில் பழக்கச் சொல்லி 80 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கோரிக்கை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அச்சின் அருமை நம் முன்னோருக்குத் தெரியாததில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் நடத்தத் தொடங்கினார்கள். அச்சில் ஏறும் சொல்லின் பலம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்பேத்கரின் மனு அச்சு மெஷினை ஓட்டும் தொழிலையும் கேட்டது.

சட்டத்தில் இருக்கும் ஒரு கதவு

தனியார் ஆலைகளில் வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்ரண்டிஸ் பயிற்சி இடங்களில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் 3ஏ பிரிவு, அரசு அறிவித்த தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலை அளிப்பவர் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. மாநிலத்தில் அவர்களின் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு எண்ணிக்கை நிர்ணயிக்கப்படும். இது அரசு நிறுவனத்துக்கும் தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், லித்தோ ஆஃப்செட் மெஷின் மைண்டர் எல்லாம் அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவுகள்தான்.

இந்தியாவில் அலுமினிய டின் தயாரிக்கும் பெரிய ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மகாராஷ்டிரத்தில் தலோஜாவிலும் அவுரங்காபாத்திலும் இருக்கின்றன. நமக்கு அருகில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் வரும் ஆந்திர மாநிலத்து ஸ்ரீசிட்டியில் பால் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டின் ஆலை இருக்கிறது. தகர டப்பா, பிளாஸ்டிக் கப், டியூப் ஆகியவற்றில் அச்சிடும் சிறிய ஆலைகள் இன்னும் பல. உருளையான பொருளில் அச்சிடும் அடிப்படையை ஓரிடத்தில் கற்றவருக்கு மற்ற இடத்திலும் கை வரும்.

படிக்கும் இடங்களும் தொலைவில் இல்லை. சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் டிப்ளமோவில் சேரலாம். பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு உண்டு. ஐடிஐயில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ முடித்தவர்கள் இந்த மெஷின்களின் பராமரிப்புப் பிரிவுக்குள் நுழையலாம்.

பெற்றோருக்கும் ஊர் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐடிஐ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அப்ரண்டிஸ் இணையதளத்தில் இந்த மாதமே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யத் தெரியாவிட்டால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். நம் மாவட்டத்து ஆலைகளில் எத்தனை பயிற்சி இடங்கள் இருக்கின்றன, அவற்றில் 3ஏ பிரிவின்படி எத்தனை இடங்கள் நிரப்பப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த அலுவலகத்துக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நான்கைந்து ஊர் சேர்ந்து கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.