லே ரோடு ட்ரிப்: உங்கள் லீவு கணக்கில் விடுபடும் அந்த 2 நாட்கள்

ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருப்பீர்கள். பெயர்கூட 'லடாக் இந்த வருஷம் கன்ஃபார்ம்' என்று இருக்கலாம். 5 நாள் லீவு, முன்னும் பின்னும் 2 வீக்எண்ட், மொத்தம் 9 நாள். யாரோ ஒருவர் எக்செல் ஷீட் போடுகிறார். லே, கர்துங் லா, நுப்ரா, பாங்காங் ஏரி, எல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஒரு நாள்கூட வீணாகவில்லை.

சிக்கலே அங்கேதான். அந்த ஷீட்டில் 'சும்மா இருக்கும் நாள்' என்று ஒரு வரிகூட இல்லை.

லடாக் பயணத்தில் பெட்ரோல், ஹோட்டல், பைக் வாடகை எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறோம். நம் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கணக்குப் போடுவதில்லை. அதைத்தான் இங்கே எண்களோடு பார்க்கப் போகிறோம்.

லே எவ்வளவு உயரம்?

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த மலைகளோடு ஒப்பிட்டால்தான் இது புரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தமிழ்நாட்டின் உயரமான சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் கேரளத்தின் ஆனைமுடி, 2,695 மீட்டர். அதாவது, ஆனைமுடியின் உச்சிக்கு மேலே இன்னும் 800 மீட்டர் ஏறினால்தான் லேயின் கடைத்தெருவுக்கு வருவீர்கள்.

'அங்கே காற்றில் ஆக்சிஜன் கம்மி' என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் லேயிலும் ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். மாறுவது காற்றழுத்தம். லேயில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 65 சதவீதம்தான். எனவே, ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

விமானங்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. 2024 ஜூலை இறுதியில் வெயில் அதிகமானபோது லே விமான நிலையத்தில் விமானங்கள் ரத்தாகின. சூடான காற்றின் அடர்த்தி இன்னும் குறையும்; ஏற்கெனவே மெல்லிய காற்றில் விமானம் மேலெழுவது கடினமாகிவிடும். இரும்பு விமானத்துக்கே இந்தக் கதி என்றால், நம் நுரையீரலுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டாமா?

'ஃபிட்டா இருக்கேன், எனக்கென்ன?'

ஜிம் போகிறவர்கள், மாரத்தான் ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் இது. மலை நோய்க்கு உங்கள் சிக்ஸ் பேக் ஒரு பொருட்டே இல்லை. உடல் உறுதி அதைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால், ஃபிட்டாக இருப்பவர்கள் வேகமாக மேலே போவார்கள், தலைவலி வந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் மாட்டிக்கொள்வதும் உண்டு.

முதல் கட்டம், தலைவலியோடு சேர்ந்து வரும் வாந்தி உணர்வு, சோர்வு, தூக்கமின்மை. முந்தைய நாள் பார்ட்டியின் ஹேங்ஓவர் போலவே இருக்கும். இந்தக் கட்டத்தில் மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

அதைக் கண்டுகொள்ளாமல் மேலே போனால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. இன்னொன்று, மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பம் வரும். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது, கூடவே ஆக்சிஜன். 'காலையில பார்த்துக்கலாம்' என்று தூங்கப் போவதுதான் இங்கே மிக மோசமான முடிவு.

நண்பர் மீது சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்த பாதத்தின் விரல்நுனியில் வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விவாதம் வேண்டாம், வண்டியைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்.

எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்

'ஃப்ளைட்டில் போனால்தான் ரிஸ்க், ரோட்டில் போனால் உடம்பு தானாகப் பழகிடும்.' இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது எந்த ரோடு என்பதைப் பொறுத்தது.

மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் பொதுவான விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நீங்கள் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. 3-4 நாளுக்கு ஒருமுறை, உயரம் கூட்டாமல் ஒரு நாள் ஓய்வு வேண்டும். பகலில் உயரமான கணவாயைக் கடந்துவிட்டு இறங்கிவிடலாம். ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

இப்போது இரண்டு வழிகளையும் வைத்துப் பாருங்கள்.

ஸ்ரீநகர் வழி: சுமார் 420 கி.மீ. முதல் இரவு ஸ்ரீநகர், 1,585 மீட்டர். இரண்டாம் இரவு கார்கில், சுமார் 2,680 மீட்டர். மூன்றாம் இரவு லே, 3,500 மீட்டர். வழியில் ஜோஜி லா (3,528 மீட்டர்), ஃபோட்டு லா (4,108 மீட்டர்) ஆகிய கணவாய்களைக் கடந்தாலும், இரவுகள் படிப்படியாக ஏறுகின்றன. கார்கிலிலிருந்து லேவுக்கு 800 மீட்டர் தாவல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் லேயில் அடுத்த நாள் ஓய்வு கட்டாயம்.

மணாலி வழி: சுமார் 430 கி.மீ. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, தூரத்தை 46 கி.மீ. குறைத்துவிட்டது. அதனால் ஒரே நாளில் சார்ச்சு வரை போய்க் கூடாரத்தில் தங்குவது சுலபமாகிவிட்டது. சார்ச்சு சுமார் 4,290 மீட்டர். ஒரே இரவில் 2,200 மீட்டருக்கு மேல் தாவல்! நீங்கள் போய்ச் சேர வேண்டிய லேயைவிடவே அது 800 மீட்டர் உயரம். அடுத்த நாள் 5,328 மீட்டர் தங்லங் லா வேறு காத்திருக்கிறது. வேகமான சாலை கிடைத்தது. உடம்பின் வேகம் மட்டும் மாறவில்லை. இந்த வழியில் போகிறவர்கள் கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ (3,000 மீட்டரை ஒட்டியவை) இரண்டு இரவு தங்கிவிட்டுப் போவது நல்லது.

நேரடி விமானம்: கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் முந்தைய இரவு தூக்கம், அடுத்த இரவு 3,500 மீட்டரில். இப்படிப் போகிறவர்கள் முதல் 2 நாட்களுக்கு லேயை விட்டு நகரவே கூடாது.

கர்துங் லாவின் பலகையும் ஜிபிஎஸ்ஸும்

கர்துங் லாவில் எல்லோரும் படம் எடுக்கும் பலகை 18,380 அடி என்று நீண்டகாலம் சொல்லிவந்தது. ஜிபிஎஸ் அளவீடுகளின்படி அது 17,582 அடிதான், அதாவது 5,359 மீட்டர். கிட்டத்தட்ட 800 அடி கூடுதல் பெருமை! ஆனால் உண்மையான எண்ணே போதுமான அளவு பயமுறுத்தும்: நேபாளப் பக்கத்து எவரெஸ்ட் அடிவார முகாமின் உயரமும் (5,364 மீட்டர்) ஏறக்குறைய இதேதான். மலையேறுபவர்கள் அங்கே நடந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் லேயிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வண்டியில் போய் நிற்கிறோம். செல்ஃபி, ஒரு டீ, 15-20 நிமிடம். அதற்கு மேல் அங்கே வேலையில்லை.

ஊருக்கு என்ன விலை?

லேயில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மி.மீ. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். லேவுக்கு அது ஏறக்குறைய 5 வருட மழை. இமயமலை பருவமழை மேகங்களை மறித்துவிடுவதால் லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். குடிக்கவும் பயிரிடவும் பனி உருகி வரும் நீரைத்தான் அந்த மக்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். கிராமங்களில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்துப் பிரிக்க 'சுர்போன்' என்ற பொறுப்பாளரே உண்டு. நம் ஊரின் நீர்க்கட்டி, மடையர் போல.

2011 கணக்கெடுப்பில் மொத்த லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம். 2022-ல் வந்த சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் கோடை மாதங்களில், பெரும்பாலும் லே நகரம் வழியாக. தண்ணீரே தேவைப்படாத, மண் போட்டு மூடும் பாரம்பரிய உலர் கழிப்பறைகள் இருந்த ஊரில், நமக்காக ஃபிளஷும் ஷவரும் வந்தன. அதற்காகப் போர்வெல்களும் வந்தன.

இதற்காக யாரும் போகாமல் இருக்க வேண்டியதில்லை. பல குடும்பங்களின் வருமானமே சுற்றுலாதான். ஒரு பக்கெட் குளியல், பாட்டிலை மறுபடி நிரப்பிக்கொள்வது, குப்பையைத் திரும்ப எடுத்து வருவது, இவ்வளவு செய்தாலே வித்தியாசம் தெரியும்.

சரி, அந்த 9 நாளை எப்படிப் பிரிக்கலாம்?

சனி: ஸ்ரீநகருக்கு விமானம்.
ஞாயிறு: கார்கில்.
திங்கள்: லே.
செவ்வாய்: லேயில் ஓய்வு. கடைத்தெரு வரை மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான்.
புதன்: ஷே, திக்சே மடாலயங்கள். இரவு லே.
வியாழன்: கர்துங் லா வழியாக நுப்ரா. திஸ்கித் லேயைவிடத் தாழ்வு என்பதால் தூக்கம் பிரச்சினையில்லை.
வெள்ளி: லே திரும்புதல்.
சனி: ரிசர்வ் நாள். மண்சரிவு, சாலை மூடல், காய்ச்சல், எதற்கும்.
ஞாயிறு: வீட்டுக்கு விமானம்.

பாங்காங் எங்கே என்று குரூப்பில் சண்டை வரும். 4,200 மீட்டரைத் தாண்டிய ஏரிக்கரையில் இரவு தங்க இன்னும் நாள் வேண்டும். லீவு நீட்டிக்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் அடுத்த முறை. செவ்வாயையும் அந்த ரிசர்வ் சனிக்கிழமையையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன்

• பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.
• ஸ்ரீநகரிலோ மணாலியிலோ எடுத்த வாடகை வண்டியை நுப்ரா, பாங்காங் பக்கம் கொண்டுபோக உள்ளூர் சங்கங்கள் விடுவதில்லை. லேயில் உள்ளூர் வண்டி எடுப்பதற்குப் பட்ஜெட் வையுங்கள்.
• அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள். சல்ஃபா மருந்து அலர்ஜி, ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.
• முதல் சில நாட்களுக்கு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.
• உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும், அன்றைய பிளான் அந்த நிமிடமே ரத்து. இதைக் கிளம்பும் முன்பே குரூப்பில் பேசி முடிவு செய்துவிடுங்கள். மேலே போன பிறகு 'உன்னாலதான் ட்ரிப் கெட்டுப்போச்சு' என்ற பேச்சுக்குப் பயந்துதான் பலர் தலைவலியை மறைக்கிறார்கள்.

இப்போது அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து ஒரு காலம் சேருங்கள். தலைப்பு: 'தூங்கும் உயரம்'. 3,000 மீட்டருக்கு மேல், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே 500-ஐ விடப் பெரிய எண் வந்தால், அங்கே ஒரு ஓய்வு நாளைச் செருகுங்கள்.